தங்காத பிள்ளையின் கணக்கு

கர்ப்பிணிகளின் பரிசோதனைக் குறிப்பில் மேலே ஒரு சுருக்கெழுத்து இருக்கும். ஜி2 பி0 எல்0 ஏ1 என்பதுபோல. ஜி என்பது இதுவரை எத்தனை தடவை உண்டானாள் என்பது. பி என்பது எத்தனை பிரசவம், எல் என்பது இப்போது உயிரோடு எத்தனை பிள்ளை, ஏ என்பது எத்தனை தடவை கலைந்தது. குமரி மாவட்டத்தின் தக்கலையிலும் குழித்துறையிலும் குளச்சலிலும் ஓபி (புறநோயாளிகள்) வரிசையில் அந்தக் குறிப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்கள் பலருக்கு இந்த எழுத்துகளின் விரிவு தெரியாது. ஆனால் ஏ-க்குப் பக்கத்தில் உள்ள ஒன்று எந்த மாதம், எந்த நாள், எந்தக் கட்டில் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கருங்கல் பக்கம் இருக்கிற என் சித்தியிடம் எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் "மூணு" என்பார். பேச்சு வேறு எங்கோ போய்த் திரும்பிய பிறகு, குரலைத் தாழ்த்தி, "மூத்தது ஒண்ணு தங்கல" என்பார். நடந்து முப்பது வருஷம் தாண்டிவிட்டது. அப்போது ஏழாம் மாதம்.

தங்கல. நம் பேச்சில் இதற்கு இருக்கும் சொற்களில் இதுதான் கொஞ்சம் கனிவான சொல். மற்றபடி கலஞ்சு போச்சு, அபார்ஷன் ஆயிட்டு, கிளீன் பண்ணியாச்சு. மருத்துவமனைச் சீட்டில் ஸ்பான்டேனியஸ் அபார்ஷன் என்று இருக்கும். தானாகக் கலைந்தது என்றுதான் அதற்குப் பொருள். வீட்டில் வந்து யாராவது எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது "அபார்ஷன்" மட்டும்தான் காதில் விழும். நம் ஊரில் அந்தச் சொல் வேண்டாமென்று கலைத்ததற்கும் வழங்குகிறது. வேண்டி வேண்டிக் காத்திருந்து இழந்தவளுக்கு அந்த ஒரு சொல்லே குற்றப்பத்திரிகைபோல இருக்கும்.

எவ்வளவு பேருக்கு இது நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். கர்ப்பம் என்று தெரிந்தவற்றில் 10 முதல் 15 சதவீதம் கலைந்துபோவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2021-இல் லான்செட் மருத்துவ இதழ் வெளியிட்ட தொகுப்பு, உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏறத்தாழ 2.3 கோடி கருச்சிதைவுகள் நடப்பதாகக் கணக்கிட்டது. 28 வாரத்துக்குப் பிறகு வயிற்றிலோ பிரசவத்தின்போதோ இறந்து பிறப்பவை தனிக்கணக்கு. அவை ஆண்டுக்கு ஏறக்குறைய 20 லட்சம். அப்படியென்றால் ஒரு சர்ச்சின் பெண்கள் பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களில், ஒரு குடும்பஸ்ரீ மாதிரியான மகளிர் குழுக் கூட்டத்தில், இதைக் கடந்தவர் ஒருவராவது நிச்சயம் இருப்பார். பெரும்பாலும் அவருக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு அது தெரியாது.

காரணத்தையும் தெளிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதித் துயரம் அங்கேதான் பிடித்துக்கொள்கிறது. முதல் மூன்று மாதத்தில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். முட்டையும் விந்தும் சேரும் நேரத்திலேயே எண்ணிக்கை பிசகிவிடுகிறது. அந்தக் கரு வளர முடியாது. அதற்குப் பிறகு அவள் என்ன செய்திருந்தாலும், செய்யாமல் இருந்திருந்தாலும், மாறியிருக்காது. ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பது வேறு. கைதச்சக்கை (அன்னாசி) தின்னியா? பப்பாளி? பைக்கில் பின்னால உக்காந்து போனியா? குடம் தூக்கினியா? கரிசனத்தோடுதான் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேட்கப்படுகிறவள் அன்றிரவு ஒவ்வொரு நாளாகப் பின்னோக்கிப் போய்த் தேடிக்கொண்டிருப்பாள். இழப்புக்குப் பிறகு வரும் மனநோய்களைப் பற்றிய ஆய்வுகளில் குற்ற உணர்வு திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கு மருந்து எதுவும் எழுத வேண்டாம். "இது நீ செய்ததால் வந்ததில்லை" என்று டாக்டர் அவள் முகத்தைப் பார்த்து, கூட வந்திருக்கும் மாமியார் காதில் விழும்படி, ஒரு தடவை சொன்னால் போதும். நம் ஓபியின் கூட்டத்தில் அந்த அரை நிமிடம்தான் கிடைப்பதில்லை.

சரி, மனம் எவ்வளவு பாதிக்கப்படுகிறது? லண்டனில் மூன்று மருத்துவமனைகளில் 650-க்கும் மேற்பட்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளியானது. பெரும்பாலானவர்களுக்கு 12 வாரத்துக்குள் கலைந்திருந்தது. சிலருக்குக் கருக்குழாய்க் கர்ப்பம். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது 29 சதவீதம் பேருக்கு அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறின் அறிகுறிகள் இருந்தன. 24 சதவீதம் பேருக்கு மிதமான அல்லது கடுமையான பதற்றம், 11 சதவீதம் பேருக்கு அதே அளவில் மனச்சோர்வு. ஒன்பது மாதம் கழித்தும் 18 சதவீதம் பேரிடம் அந்த அதிர்ச்சியின் அறிகுறிகள் போகவில்லை. போர்க்களத்திலிருந்து திரும்பியவர்களையும் பெரும் விபத்தில் தப்பியவர்களையும் பற்றிப் பேசும்போது கேட்கிற நோய் இது. "ரெண்டு மாசக் கருதானே" என்று நாம் தள்ளிவிடுகிற இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது.

பார்ப்பதற்கு இது அழுகையாக இருக்க வேண்டும் என்றில்லை. ஸ்கேன் எடுப்பவர் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையைத் தன் பக்கம் திருப்பிய அந்த நொடி, வயிற்றில் ஜெல்லின் குளிர்ச்சியோடு, கேட்காமலே திரும்பி வரும். அந்த மருத்துவமனை இருக்கும் நிறுத்தம் வருவதற்கு முன்னாலேயே பஸ்ஸிலிருந்து இறங்கி நடப்பாள். வளைகாப்புக்குக் கூப்பிட்டால் தலைவலி என்பாள். வீட்டார் இதைப் பொறாமை என்றுகூட நினைத்துக்கொள்வார்கள்.

துக்கத்தைப் பற்றி உளவியல் பேசியதில் நமக்கு மிகவும் உதவுவது இரண்டு கருத்துகள் என்று நினைக்கிறேன். கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் 1989-இல் ஒரு வகைத் துக்கத்துக்குப் பெயர் வைத்தார்: உரிமை மறுக்கப்பட்ட துக்கம். இழந்தவர் இழந்தது உண்மை. ஆனால் ஊர் அதை இழப்பாக ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புக்கொள்ளாததால் விடுப்பு இல்லை, துக்கம் விசாரிக்க ஆள் இல்லை, சடங்கு இல்லை, அழுவதற்கு இத்தனை நாள் என்ற கணக்கும் இல்லை. இன்னொன்று பாலின் பாஸ் சொன்ன தெளிவற்ற இழப்பு. ஆள் போய்விட்டார், ஆனால் உடல் இல்லை, முடிவு இல்லை. காணாமல் போன போர்வீரர்களின் குடும்பங்களைப் பார்த்து அவர் வந்து சேர்ந்த கருத்து அது.

இந்த இரண்டாவதைப் பற்றி நம் மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்த பிறகு தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை கரைகளில் எத்தனை குடும்பங்கள் உடல் கிடைக்காமல் காத்திருந்தன என்று நாம் கண்ணால் பார்த்தோம். காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ள ஏழு ஆண்டு என்கிறது சட்டம். மனம் அதைவிட மெதுவானது. வெறும் கல்லறையில் பூ வைக்கலாமா கூடாதா என்ற தயக்கம், எந்த நாளை நினைவு நாளாகக் கொள்வது என்ற குழப்பம், இதெல்லாம் எவ்வளவு பெரிய பாரம் என்று கடற்கரை அறிந்திருக்கிறது. கலைந்த கருவுக்கும் உடல் இல்லை. புகைப்படம் இல்லை, பெயர் இல்லை. ஒரு ஸ்கேன் தாள் இருக்கலாம். அந்தத் தாளும் வருஷங்களில் மங்கிப்போகிற வகை. படகில் போனவருக்காகக் கரையில் கூடி நின்ற நாம், இந்தப் பெண்ணுக்காக மட்டும் கூடுவதில்லை.

நமக்குச் சடங்குக்குப் பஞ்சமே இல்லை என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். பெரியவர் ஒருவர் இறந்தால் பதினாறு அடியந்திரம் இருக்கிறது. கிறிஸ்தவ வீடுகளில் நினைவுத் திருப்பலி, நவம்பர் 2-இல் கல்லறைத் திருநாள். பிறந்து சில நாளில் இறந்த பிள்ளையை இந்து வீடுகளில் எரிப்பதில்லை, புதைப்பதுதான் வழக்கம். கருமாதியும் திதியும் அதற்கு இல்லை. கத்தோலிக்கர்களிடம் ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது என்று 1917-இன் திருச்சபைச் சட்டம் சொன்னது. 1983-இன் சட்டம் இதை மாற்றியது: பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்தார்கள் என்றால், ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கு நடத்தலாம். 2007-இல் வத்திக்கானின் இறையியல் குழு அந்தக் குழந்தைகளின் மீட்பை நம்புவதற்குக் காரணம் உண்டு என்று எழுதியது. பழைய வழக்கத்தின் வடு கிழவிகளின் மனதில் இன்னும் இருக்கும். புதிய சட்டத்தைப் பற்றிப் பங்குக் குருக்கள் பிரசங்கத்தில் ஒரு தடவை சொன்னால் எத்தனையோ பேருக்கு ஆறுதலாக இருக்கும் என்று மனதாரச் சொல்கிறேன்.

இதில் எனக்கு வியப்பாக இருப்பது புறநானூற்றின் 74-ஆம் பாட்டு. சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியது. குழந்தை இறந்து பிறந்தாலும், உருவமில்லாத தசைப்பிண்டமாகப் பிறந்தாலும், அதை ஆள் இல்லை என்று விடமாட்டார்கள், வாளால் கீறித்தான் அடக்குவார்கள் என்கிறது. வீரக்குடியில் பிறந்தவன் விழுப்புண்ணோடு போக வேண்டும் என்பது அதன் கணக்கு. அந்த வாளும் வீரமும் நமக்கு வேண்டாம். ஆனால் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால், இறந்து பிறந்ததையும் ஓர் ஆளாகக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்.

உடலைப் பற்றிப் பேசாமல் இந்தத் துக்கத்தைப் பேச முடியாது. நான்கைந்து மாதத்துக்கு மேல் போன கர்ப்பம் என்றால், இழப்புக்கு இரண்டு மூன்று நாளில் பால் சுரக்கும். நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் புரோஜெஸ்டரோன் சட்டென்று இறங்குகிறது. அதுவரை அது தடுத்து வைத்திருந்த சுரப்பு திறந்துகொள்கிறது. பிள்ளை இருக்கிறதா இல்லையா என்பது அந்த ஹார்மோனுக்குத் தெரியாது. இதை முன்கூட்டியே சொல்லி அனுப்பாமல் விடுவதைப்போலக் கொடுமை வேறில்லை. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ரவிக்கை நனைகிறபோது அவள் குலைந்துபோகிறாள். காபர்கோலின் மாத்திரை சுரப்பை நிறுத்தும். ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு அது ஆகாது என்பதால் டாக்டர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

சித்திக்கு மாத்திரை கிடைக்கவில்லை. பாட்டி தோவாளைச் சந்தையிலிருந்து மல்லிகைப் பூ வாங்கிவரச் சொல்லி, தொடுத்த சரத்தை மார்பில் வைத்துக் கட்டினார். மூன்று நாள், வாடினதை எடுத்துப் புதிதாக மாற்றி மாற்றி. இது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. 1988-இல் வேலூர் மருத்துவர்கள் மல்லிகையையும் அப்போது வழக்கத்தில் இருந்த புரோமோகிரிப்டின் மாத்திரையையும் ஒப்பிட்டுப் பார்த்து ஆய்வு வெளியிட்டார்கள். இரண்டிலுமே பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் குறைந்தது. மாத்திரையில் அது அதிகமாகக் குறைந்தாலும், மார்புக் கட்டும் வலியும் அடங்கியதில் பூ மாத்திரைக்குச் சமமாகவே நின்றது. பாட்டி அதோடு நிற்கவில்லை. "பெத்தவ பெத்தவதான்" என்று சொல்லி, பிள்ளை பெற்ற மற்றவர்களுக்குக் கொடுக்கிற அதே பேறுகால மருந்தும் வெந்நீர்க் குளியலும் சித்திக்கும் கொடுத்தார். அந்த வீட்டில் அதைப் பிரசவமாக நடத்திய ஒரே ஆள் அவர்தான். சித்தி இன்றைக்கும் மல்லிகை வைக்கமாட்டார். கல்யாண வீட்டுக்குப் போனால் பிச்சிப்பூ கேட்டு வாங்கி வைப்பார்.

இறந்து பிறந்த பிள்ளையைத் தாய் பார்க்கலாமா, கையில் வாங்கலாமா? நம் ஊரில் பெரும்பாலும் "அவ தாங்கமாட்டா, காட்டாதீங்க" என்று ஆண்கள் துணியில் சுற்றி எடுத்துப் போய்விடுவார்கள். ஆய்வாளர்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. 2002-இல் பிரிட்டனில் 65 பெண்களிடம் செய்த ஆய்வில், அடுத்த கர்ப்பத்தின்போது, பிள்ளையைக் கையில் வாங்கியவர்களில் 39 சதவீதம் பேருக்கும், பார்க்க மட்டும் செய்தவர்களில் 21 சதவீதம் பேருக்கும், இரண்டும் செய்யாதவர்களில் 6 சதவீதம் பேருக்கும் மனச்சோர்வு இருந்தது. இதை வைத்து 2007-இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல், பார்க்கும்படி வழக்கமாக ஊக்குவிக்க வேண்டாம் என்றது. ஆனால் 1996-இல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வு, 380 தாய்மாரிடம் கேட்டது, வேறொன்றைச் சொல்லியிருந்தது: தான் விரும்பிய நேரம் பிள்ளையோடு இருக்க முடியாமல் போனவர்களுக்கும், நினைவுக்கென ஒரு பொருள்கூட இல்லாதவர்களுக்கும்தான் பிறகு மனப் பாதிப்பு அதிகம். வழிகாட்டுதலும் 2014-இல் மாறியது. இப்போது அவளிடம் பேசி, அவள் விருப்பத்தைக் கேட்டு நடக்கச் சொல்கிறது. 65 பேரை வைத்து எல்லோருக்கும் சட்டம் போட்டது சரியில்லை என்பது என் எண்ணம். அவளைக் கேட்க வேண்டும், கேட்டுவிட்டு யோசிக்க நேரம் கொடுக்க வேண்டும். பாதத்தின் மைப்பதிவு ஒன்றை எடுத்து வைத்தால் அன்றைக்கு வேண்டாம் என்றவளுக்கும் பிறகு உதவும். அதற்கு ஆகிற செலவு ஒரு ஸ்டாம்ப் பேடு.

கணவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆழ்கடல் போன விசைப்படகில் இருப்பவருக்குத் தகவல் போய், கரை வர நாள்கள் ஆகும். வளைகுடாவில் இருப்பவர் வாட்ஸ்அப்பில் அழுகையைக் கேட்டுவிட்டு மறுநாள் ஷிப்டுக்குப் போவார். "அவளைப் பாத்துக்க" என்று எல்லோரும் அவரிடம் சொல்வார்கள். அவரைக் கேட்கிறவர் இல்லை.

அப்புறம் அந்த ஆறுதல். "போட்டு மக்களே, சின்னப் பிராயம்தானே, அடுத்தது வரும்." நல்ல மனதோடு சொல்வதுதான். ஆனால் அடுத்த பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது ஆய்வில் நிற்கவில்லை. பிரிட்டனில் 13,133 பெண்களைத் தொடர்ந்த ஆய்வு 2011-இல் வந்தது. முன்பு இழந்தவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் அடுத்த கர்ப்பத்தில் கூடுதலாக இருந்தது. ஆரோக்கியமான பிள்ளை பிறந்து 33 மாதம் ஆன பிறகும் அது குறையவில்லை. ஓபியில் ஏ1 என்று எழுதும் செவிலியர் அதைக் கருப்பைக்கான எச்சரிக்கையாகப் பார்க்கிறார். மனதுக்கான எச்சரிக்கையாகவும் பார்க்க வேண்டிய எண் அது.

துக்கம் எல்லாமே நோய் இல்லை. ஐந்து படிநிலைகள் என்று ஒன்று எல்லா இடத்திலும் சொல்லப்படுகிறது; எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969-இல் எழுதியது. அவர் அதைச் சாவை எதிர்கொண்டிருந்த நோயாளிகளிடம் பேசி எழுதினார். இழந்தவர்கள் அந்த வரிசையில் ஏறி இறங்க வேண்டும் என்று ஒரு விதியும் இல்லை. ஸ்ட்ரோப், ஷுட் இருவரும் 1999-இல் சொன்னது நடப்புக்கு நெருக்கமானது: மனம் இழப்புக்கும் அன்றாட வேலைக்கும் நடுவே ஊசலாடும். அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) பகல் முழுக்கச் சிரித்துப் பேசிக்கொண்டே பருப்புத் தோல் உரிப்பவள், ராத்திரி பாத்திரம் கழுவும்போது உடைவாள். பகல் சிரிப்பு நடிப்பும் இல்லை, ராத்திரி அழுகை நோயும் இல்லை. ஆனால் மாதங்கள் கடந்தும் ஊசல் ஒரே பக்கத்தில் நின்றுவிட்டால், தூக்கமும் சாப்பாடும் போய்விட்டால், வாழ்ந்து என்ன என்று வாய்விட்டோ விடாமலோ சொன்னால், காத்திருக்கக் கூடாது. நீடித்த துக்கக் கோளாறு என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஆறு மாதத்துக்குப் பிறகும், 2022-இல் திருத்தப்பட்ட அமெரிக்க மனநோய்க் கையேடு ஒரு வருஷத்துக்குப் பிறகும்தான் சொல்ல அனுமதிக்கிறது. மனச்சோர்வுக்கு அந்தக் கால வரம்பு கிடையாது, இரண்டு வாரமே போதும். ஆகவே "துக்கம்தானே, போகும்" என்று ஆறு மாதம் பார்த்துக்கொண்டிருப்பது சரியில்லை.

எது உதவுகிறது? நடந்த மறுநாளே ஒரு தடவை உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்டச் சொல்வது உதவவில்லை என்று பல ஆய்வுகள் சேர்ந்து காட்டிவிட்டன. அமெரிக்காவில் கிறிஸ்டன் ஸ்வான்சன் என்ற செவிலியர் 341 தம்பதிகளிடம் செய்த சோதனையில், கருச்சிதைவுக்குப் பிறகு வெவ்வேறு நாளில் செவிலியர் மூன்று தடவை உட்கார்ந்து பேசியதுதான் அதிகப் பலன் தந்தது. அந்தப் பேச்சில் பெரிய வித்தை எதுவும் இல்லை. என்ன நடந்தது, எதை இழந்ததாக நினைக்கிறாய், யாரிடம் சொன்னாய். இந்தக் கட்டுரைக்காகச் சித்தியிடம் போய் என்ன நடந்தது என்று கேட்டேன். கட்டில் எண், வெளியே பெய்த மழை, பக்கத்துக் கட்டில்காரி கொடுத்த கட்டன்சாயா, எல்லாம் சொன்னார். ஒரு மணி நேரம் ஆனது. "இத இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார், குறையாகக்கூட இல்லை, தகவலாக.

இதைச் செய்யப் பெரிய படிப்பு வேண்டும் என்று நினைக்க வேண்டாம். பாகிஸ்தானில் ராவல்பிண்டி கிராமங்களில், நம் கிராம சுகாதார செவிலியர் மாதிரியான பெண் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் செய்த சோதனை 2008-இல் வெளியானது. மனச்சோர்வு இருந்த தாய்மார்களில், அவர்கள் வீடு தேடிப் போய்ப் பேசிய பக்கத்தில் ஆறு மாதம் கழித்து 23 சதவீதம் பேருக்குத்தான் அது நீடித்தது. பயிற்சி இல்லாத ஊழியர்கள் போன மறுபக்கத்தில் 53 சதவீதம். மனச்சோர்வை அளக்கும் எடின்பரோ வினாத்தாள் பத்தே கேள்வி, தமிழில் சரிபார்த்த வடிவம் இருக்கிறது. நம் செவிலியருக்கு யார் உண்டானது, யாருக்குக் கலைந்தது என்பது அக்கம்பக்கத்துக்குத் தெரிவதற்கு முன்பே தெரியும். பிரசவமான வீட்டுக்கு எடை பார்க்கும் தராசோடு திரும்பத் திரும்பப் போகும் வழக்கம் இருக்கிறது. தராசில் வைக்கப் பிள்ளை இல்லாத வீட்டுக்கும் அதே நாள்களில் போக வேண்டும் என்று திட்டத்தில் எழுதினால் போதும்.

வேலைக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். 1961-இன் மகப்பேறு பயன் சட்டம் கருச்சிதைவுக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு வைத்திருந்தது. அதனால் உடல்நிலை கெட்டால் மேலும் ஒரு மாதம் வரை. பிள்ளை என்ற சொல்லில் இறந்து பிறந்த பிள்ளையும் அடங்கும் என்று அந்தச் சட்டமே விளக்கம் எழுதியிருந்தது. ஆக, இறந்து பிறந்தாலும் அது பிரசவம்தான். உயிரோடு இரண்டு பிள்ளை இல்லாதவருக்கு 26 வாரம் உண்டு. 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2020-இன் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் கருச்சிதைவுக்கான ஆறு வாரத்தை வைத்திருக்கிறது. ஈஎஸ்ஐ அட்டை உள்ள முந்திரி ஆலைப் பெண்களுக்கும் ஆறு வாரப் பணம் கிடைக்கும், மருத்துவமனைச் சான்று இருந்தால். அதனால் அந்தச் சீட்டைக் கோபத்தில் கிழித்துப் போட்டுவிட வேண்டாம்.

பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். நேரில் பார்க்க ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓபி சீட்டு வாங்கும்போது மகப்பேறு என்று சொல்லாமல் மனநலம் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் மறுபடியும் வயிறு தெரியும் பெண்களுக்கு நடுவே வரிசையில் உட்கார வேண்டிவரும். கூட யாராவது போங்கள்.